பதினொரு மிட்டாய்த் தாள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஹலீமாவைச் சலவை மெஷின் முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாகக் கணவனின் வேலைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் கடுத்திருக்கும். வாருங்கள், முதலில் அவளை உட்கார வைப்போம்.

இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். தெம்பனிஸில் ஒன்பதாம் மாடி வீடு. ஹலீமாவின் கணவர் ரவூபுக்கு அறுபத்து மூன்று வயது. சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் முப்பத்தோரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அடுத்த மாதம் ஓய்வு. அதற்கு மேலும் வேலை வேண்டுமென்றால் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது.

அதனால் மனிதர் ரமலான் முடிந்தும் நோன்பை விடவில்லை. ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு, அப்புறம் வாராவாரம் திங்களும் வியாழனும். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தார். சொந்தபந்தம் எல்லோருக்கும் சந்தோஷம், ஹலீமா ஒருத்தியைத் தவிர.

நோன்பு வைக்கிற மனிதரோடு குடித்தனம் நடத்தலாம். நோன்பு தன் உடம்பை என்னென்ன செய்தது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதரோடு எப்படி நடத்துவது?

"ஹலீமா, இங்க பாரு, பெல்ட்டுல நாலாவது ஓட்டை."

"ஹலீமா, நெஞ்செரிச்சல் போயே போச்சு."

லிஃப்டில் வந்த சீனத்து ஆண்ட்டியிடம் முழங்காலை மடக்கி மடக்கிக் காட்டினார். அந்த அம்மாள் பயந்து இரண்டு மாடிக்கு முன்பே இறங்கிவிட்டாள். ஒரு நாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஹலீமாவைத் தட்டி எழுப்பி, "கவனிச்சியா? நான் இப்பல்லாம் குறட்டையே விடுறதில்ல" என்றார். நல்ல காரியம்தான், ஆனால் அதை எழுப்பியா சொல்ல வேண்டும்?

இவ்வளவுக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து அவருக்கு சஹர் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவள் அவள்தான். வாரத்துக்கு இரண்டு நாளாக இருந்தது, கொஞ்ச நாளாக நாலு நாளாகிவிட்டது. இன்று புதன்கிழமை. இன்றும் நோன்பு.

"புதன்கிழமையில என்னங்க நோன்பு?" என்று காலையில் கேட்டாள்.

"சும்மாதான். உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் துணியை மெஷினில் போட வந்தாள். திங்கட்கிழமை அவர் போட்டிருந்த சட்டையின் பையில் ஒரு மிட்டாய்த் தாள் இருந்தது. திங்கட்கிழமை அவருக்கு நோன்பு.

கதவுக்குப் பின்னால், கிடங்கில் அவர் மாற்றிப் போடுகிற பளபளக்கும் பச்சை மேற்சட்டை ஒன்று தொங்கியது. அதன் ஒரு பையில் நாலு தாள், இன்னொரு பையில் ஆறு. சட்டையில் கிடைத்ததையும் சேர்த்தால் பதினொன்று. எல்லாமே இஞ்சி மிட்டாய்த் தாள். ஒவ்வொன்றும் நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூடக் கீழே விழக் கூடாது. காற்றில் பறந்து எஞ்சினுக்குள் போய்விடும் என்று முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம், கை தானாகவே பைக்குள் போகும். வேறு வேலை பார்க்கிற மனிதராக இருந்தால் வழியில் வீசிவிட்டு வந்திருப்பார், ஹலீமாவுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

மகளுக்குப் போன் போட்டாள். ஃபர்சானாவுக்குத் தஞ்சோங் பகாரில் வேலை.

"உங்க அத்தா நோன்பு வச்சுக்கிட்டு மிட்டாய் திங்கிறாரு."

"ம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன் லா."

"நானும்தான் மீட்டிங்ல இருக்கேன், அழுக்குத் துணியோட. பதினொரு மிட்டாய் தின்னிருக்காரு!"

"அத்தாவா? சான்ஸே இல்ல. கீழ கிடந்ததைப் பொறுக்கியிருப்பாரு. கண்ட பேப்பரையெல்லாம் பொறுக்குறதுதானே அவரு வேலை."

"பதினொண்ணும் ஒரே மிட்டாயாடி கிடக்கும்?"

போனில் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"அது கொஞ்சம் வியர்டாத்தான் இருக்கு. ஆனா ம்மா, இன்னைக்கு சண்டை போடாதீங்க. நாளைக்கு அவருக்கு மெடிக்கல். பிரஷர் ஏறிடும்."

"என் பிரஷரை எந்த மெடிக்கல்ல பார்க்கிறாங்க?" என்று போனை வைத்தாள் ஹலீமா.

*

வேலை முடிந்ததும் ரவூப் நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போவார் என்று அவளுக்குத் தெரியும். டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தின் மாடியில் அவருடைய அக்கா ஆமினா பீவி தையல் கடை வைத்திருக்கிறார். நாளைய பரிசோதனைக்குப் போட்டுக்கொண்டு போகிற கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம்.

ஹலீமா தாள்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரயில் ஏறினாள். கேட்பதை அவர் அக்காவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஏன் என்கிறீர்களா? இதோ, நீங்களே கேளுங்கள்.

"வா ஹலீமா," என்றார் ஆமினா பீவி, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் மாப்பிள்ளைக்கு மூணாவது தடவையா இடுப்பைப் பிடிக்கப் போறேன். முப்பத்தி நாலு வருஷமா நீ நெய்யும் தேங்காப்பாலுமா ஊத்தி ஏத்தினதை அல்லா மூணே மாசத்துல இறக்கிட்டான், பாத்தியா?"

எழுபது வயது, ஆனாலும் நாக்குக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. இத்தனை வருடமும் ஹலீமா இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவள்தான். இன்று கைக்குட்டையை அவிழ்த்து, துணி வெட்டும் மேசையில் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"என்னது இது? பட்டன் சுத்தி வர்ற காகிதமா?"

"உங்க தம்பியோட நோன்பு, மதினி."

ஆமினா பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "ரவூபா? போ புள்ள. ஏழு வயசுல மொத நோன்பு வச்சு மயங்கி விழுந்தான். அப்பவும் தண்ணி வேணாம்னு பல்லைக் கடிச்சவன் அவன்."

அதற்குள் படியில் காலடி கேட்டது.

இந்தக் கடைக்கு இருபத்திரண்டு படி. போன இரண்டு தடவையும் மேலே வந்ததும் வராததுமாக, "இருபத்தி ரெண்டு! மூச்சு வாங்குதா பாரு!" என்று மார்பைத் தட்டிக் காட்டினார் ரவூப். இன்று வாசலில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டார். படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் பீற்றிக்கொள்ளாதது ஹலீமாவுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் முந்திக்கொண்டது.

"வாங்க. இதையெல்லாம் எண்ணிப் பாருங்க. நான் எண்ணிட்டேன்."

ரவூப் மேசையைப் பார்த்தார். முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஏண்டா?" என்றார் அக்கா. "முடியலேன்னா வைக்காம இருந்திருக்கலாமே. யாரு உன்னை அடிச்சா?"

"கை நடுங்குச்சு லாத்தா. வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. முறிச்சுட்டேன்." அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"எத்தனை நோன்பு?"

"ஏழு." தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்குத்தான் கழா வச்சுக்கிட்டு வர்றேன்."

முறிந்துபோன நோன்பை இன்னொரு நாளில் வைத்துத் தீர்ப்பதைத்தான் கழா என்பார்கள். ஹலீமாவுக்கு இப்போதுதான் புதன்கிழமை புரிந்தது.

"அப்போ செவ்வாயும் புதனும் வச்சதெல்லாம்?"

"கழா. அதுலயும் ரெண்டு முறிஞ்சு போச்சு. அந்த ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இன்னைக்கு ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணு."

"என்னங்க இது! எங்க உம்மா வீட்டுல ஷாஃபி இமாம் சொன்ன வழி. சுன்னத்தா, நாமளா விரும்பி வைக்கிற நோன்பை முடியாம விட்டா விட்டதுதான், கழா கட்டாயமில்ல."

"எங்க வழியில உண்டு."

"உங்க வழி! முறிஞ்சதுக்கு ஒரு நோன்பு, அது முறிஞ்சதுக்கு இன்னொரு நோன்பு. இப்படியே போனா அடுத்த ரமலான் வந்து வாசல்ல நிக்கும், நீங்க இன்னும் இதையே தீர்த்துக்கிட்டு இருப்பீங்க. நானும் இருட்டோட எந்திரிச்சு சோறு வடிச்சுக்கிட்டே இருக்கணும்!"

அவள் இன்னும் பேசியிருப்பாள். ரவூப் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"லாத்தா," என்றார் ஹலீமாவைப் பார்த்து, "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க லாத்தா."

கடையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. மடியில் வைத்திருந்த கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ஹலீமாவின் கோபம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. போன வாரம் வீட்டுச் சாவியை ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்தாரே. சாயங்காலமானால் இல்லாத காரணத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாரே. நோன்புக் கோபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

"மதினி, உங்க சக்கரை மெஷின் எங்க?"

ஆமினா பீவிக்கும் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளிருந்து மெஷினை எடுத்தார். ஊசியைப் பார்த்ததும் ரவூப் கையை இழுத்துக்கொண்டார்.

"ரத்தம் வந்தா நோன்பு போயிடும்."

"போகாது!" என்று அதட்டினார் அக்கா. "ரமலானுக்கு முந்தியே பள்ளிவாசல்ல வச்சு எல்லாருக்கும் சொன்னாங்க. நீ எந்தத் தூண்ல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தே? இதனாலதான் பகல்ல குத்திப் பார்க்கிறதே இல்லையா? நீட்டு கையை."

மூன்று புள்ளி ஒன்று.

"நாலுக்குக் கீழ போச்சுன்னா உடனே இனிப்புன்னு அந்த நர்சு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு." நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு லைச்சி பானப் பாக்கெட்டை எடுத்தார் அக்கா. ஹலீமா அதைப் பிடுங்கி உறிஞ்சு குழலைச் செருகினாள்.

"மஃரிப் பாங்கு சொல்லி நோன்பு திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம்தானே இருக்கு..." என்றார் ரவூப்.

"குடிங்க!"

அவர் அக்காவைப் பார்த்தார். மூன்று மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பி நோன்பைச் சொல்லிப் பெருமைப்பட்ட அக்கா. அவர் என்ன சொல்வாரோ என்று ஹலீமாவும் ஒரு விநாடி பார்த்தாள்.

"உடம்புக்கு ஆகாட்டி விடுன்னு சொன்னவன் அல்லா," என்றார் ஆமினா பீவி. "விடாதேன்னு சொன்னது நீயும் நானும்தான். குடிடா."

பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். பாக்கெட்டை அவரால் பிடிக்க முடியவில்லை. ஹலீமாதான் பிடித்துக்கொண்டாள். பாதி அவள் புடவையில் சிந்தியது. ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும், வீட்டுக்குப் போய் இதையும் அவள்தான் துவைக்க வேண்டும். திட்டிக்கொண்டே பிடித்தாள். இன்னொரு பாக்கெட்டையும் குடிக்க வைத்தாள்.

கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தபோது ஐந்தரை. முகத்தில் நிறம் வந்திருந்தது.

"ஹலீமா," என்றார். பெயர் சரியாக வந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்ததால் சட்டென்று ஒரு சண்டையைத் தேடினாள்.

"சஹர்ல என்ன மாத்திரை போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான். ரெண்டு."

"நோன்பை வச்சுக்கிட்டு ரெண்டா? ரமலான்ல அரைதானே போட்டீங்க? டாக்டர் எழுதிக் குடுத்த தாள் இன்னும் ஃப்ரிஜ்ஜுல ஒட்டியிருக்கே!"

"அந்தத் தாளைப் பார்த்துத்தான் ரெண்டு போடறேன்." ரவூபுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோன்பு மாசம் முடிஞ்சதும் பழையபடி ரெண்டுன்னு கடைசி வரியில இருக்கு. நோன்பு மாசம்தான் முடிஞ்சு போச்சே?"

ஹலீமா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாசம் முடிஞ்சுது. நீங்க முடிக்கலையே! அதுக்கப்புறமும் நோன்பு வைக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கல."

"கேக்கல!"

"சாப்பாட்டைக் குறைச்சிட்டேன்னு சொன்னேன். ரொம்ப நல்லதுன்னாரு."

நீங்களே சொல்லுங்கள், இந்த மனிதரை என்ன செய்வது? தாளில் எழுதியிருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். அந்த ஒழுக்கம்தான் அவரை முக்காலியில் சாய்த்துவிட்டது.

"நாளைக்குக் காலையில மொதல்ல பாலிகிளினிக். அந்த டாக்டர் சொல்ற வரைக்கும் நோன்பும் கிடையாது, கழாவும் கிடையாது. அப்புறம்தான் கம்பெனி மெடிக்கல்," என்றாள். "எங்க அந்த ஃபாரம்? காட்டுங்க."

ரவூப் பையை இறுக்கிப் பிடித்தார்.

"எதுக்கு ஃபாரம்?"

"காட்டுங்கன்னா."

பிளாஸ்டிக் உறைக்குள் அழகாக வைத்திருந்தார். எல்லாம் பூர்த்தி செய்தாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் மயக்கம், நடுக்கம், சர்க்கரை இறக்கம் ஏதாவது உண்டா? 'இல்லை' கட்டத்தில் ஒரு சரி குறி.

"இது என்ன?"

ரவூப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சக்கரை எறங்கணும்னுதானே ஹலீமா இவ்வளவும் செஞ்சேன்? எறங்கிடுச்சு. மூணு மாசச் சராசரி ஒம்பதுல கிடந்தது ஆறரைக்கு வந்திருக்கு. இப்போ போய் ரொம்ப எறங்குதுன்னு நானே சொல்லட்டுமா? வண்டிச் சாவியை வாங்கிக்குவாங்க. அப்புறம் வீட்டுல உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?"

"என்னைப் பைத்தியமாக்குவீங்க. அது எனக்குப் பழக்கம்தான்." அவள் குரல் இறங்கியது. "ஆனா இப்படி நடுங்கிக்கிட்டா அந்த வண்டியில ஏறினீங்க?"

"மிட்டாயை வாயில போட்டா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்."

"அந்த அஞ்சு நிமிஷம் வண்டி நிக்குமா?"

ரவூப் மேசையில் கிடந்த தையல் சுண்ணாம்பை எடுத்து உருட்டினார். வைத்தார்.

"திங்கக்கிழமை நிக்கல," என்றார். "ரேக்கை இடிச்சிட்டேன். அந்தப் பக்கம் சேவியர் நின்னுக்கிட்டு இருந்தான். ஒரு சாண், ஹலீமா. ஒரு சாண் தள்ளி நின்னான்."

ஆமினா பீவி காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்துவிட்டார்.

சேவியர் ரவூபோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பெருநாளுக்கு அவர் வீட்டுக்கும் பிரியாணி போகும், கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி மேரியிடமிருந்து இங்கே கேக் வரும்.

"அவன்தான் என்னை இறக்கி உட்கார வச்சான். மிட்டாயும் அவன் குடுக்கிறதுதான். யாருகிட்டயும் சொல்லல."

ஹலீமா கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. ஃபாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"ஒரு சாண்ல மேரியக்கா தாலியறுத்திருப்பாங்க," என்றாள். "நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதுங்க."

ரவூப் பேனாவை எடுத்தார். இப்போது கை நடுங்கவில்லை. 'இல்லை'யை அடித்தார். 'ஆம்' கட்டத்தில் குறி போட்டார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கையெழுத்தும் வைத்தார். அதுதான் ரவூப்.

அடுத்த கேள்வியில் பேனா நின்றது. அதனால் வேலையிடத்தில் ஏதேனும் சம்பவம் நடந்ததா? கண்டவர் யார்?

"எழுதுங்க," என்றார் அக்கா.

"எழுதினா சேவியரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க லாத்தா. பார்த்தும் சொல்லாம இருந்தா அவனுக்கும் தப்புதான். அவனுக்கும் அடுத்த மாசம்தான் வேலையை நீட்டிக் குடுக்கணும். என் வாயில மிட்டாயைப் போட்டவன். அவன் பேரை நான் எப்படி எழுதுவேன்?"

அப்போதுதான் ரவூபின் போன் அடித்தது. மேசை மேல், மிட்டாய்த் தாள்களுக்கு நடுவே அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. திரையில் சேவியரின் பெயர்.

ரவூப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டவில்லை.

ஹலீமா எடுத்தாள்.

"என்னடா, மடிச்சு மடிச்சுப் பையில போட்டியே, வீட்டுல கண்டுக்கலியே?" என்று சிரித்தது அந்தப் பக்கத்துக் குரல். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. "நாளைக்கு மெடிக்கலுக்கு ரெண்டு மிட்டாய் எக்ஸ்ட்ரா வச்சிருக்கேன்."

"ஹலீமா பேசுறேன் அண்ணே," என்றாள். "பதினொரு தாளும் என் கையிலதான் இருக்கு. திங்கக்கிழமை நடந்ததும் தெரியும். ஃபாரத்துல ஒரு வரி பாக்கி நிக்குது. என்ன எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு வண்டியை யாரோ அணைத்தார்கள். பீப் சத்தமும் நின்றது. சேவியர் என்ன சொன்னார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.